மூணாவது படி முங்கிருச்சா?

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடியிலிருந்து அதிக தூரமில்லை. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நான் சிங்கப்பூருக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. வடிகால் கட்டும் வேலைத்தளங்களில் அளவை வேலை. குடியிருப்பது ஈசூனில். சாயங்காலம் கொஞ்ச தூரம் நடந்தால் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கம் வந்துவிடும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. அன்று காலையிலிருந்து ஊருக்கு அடித்த போன் ஒன்றுகூடப் போகவில்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை. நாலாம் நாள்தான் பக்கத்து ஊரில் யார் வீட்டு ஜெனரேட்டரிலோ சார்ஜ் போட்டுக்கொண்டு சித்தப்பா மகன் கூப்பிட்டான். தென்னை போச்சு, பலா போச்சு, கூரை போச்சு என்று வரிசையாகச் சொன்னான். "கண்மாய்க்கரை நிக்குதாடா?" என்று கேட்டேன். "நிக்குதுண்ணே." "தண்ணி எவ்வளவு கெடக்கு?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "கொஞ்சம் நெறையாக் கெடக்குண்ணே."

கொஞ்சம் நிறைய. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு இங்கே வேலையே தண்ணீர் மட்டத்தை மில்லிமீட்டரில் எழுதுவது. பெருமழை பெய்தால் எந்தச் சாலையோர வாய்க்காலில் தண்ணீர் விளிம்பைத் தொடப்போகிறது என்று பொதுப் பயனீட்டுக் கழகம் போனுக்கே செய்தி அனுப்பிவிடுகிறது. சொந்த ஊர்க் கண்மாயில் பாதி இருக்கிறதா, முக்கால் இருக்கிறதா என்று சொல்ல, எனக்கும் என் தம்பிக்கும் நடுவே பொதுவாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் எங்கள் அப்பா காலத்து ஆட்களிடம் அந்த வார்த்தை இருந்தது. அது எங்கே போயிற்று என்று தேடிய கதைதான் இது.

ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்று ஏற்கெனவே இருந்தது. இருநூறு பேருக்கு மேல். காலை வணக்கம், கோயில் கணக்கு, இறப்புச் செய்தி எல்லாம் ஓடும் குழு அது. அதில் கண்மாய் பற்றி எழுதினால் பத்து நிமிடத்தில் ரோஜாப்பூப் படங்களுக்கு அடியில் போய்விடும். அதனால் முப்பத்தொரு பேரோடு தனியாக ஒன்று ஆரம்பித்தேன். சிங்கப்பூரில் பதினாலு பேர், ஜொகூரில் மூன்று, துபாயில் நாலு, திருப்பூர், சென்னை என்று நாலு பேர், ஊரில் ஆறு பேர்.

முதல் வேலையாக நான் செய்தது ஒரு முட்டாள்தனம். இருபத்திரண்டு கேள்விகளோடு கூகுள் படிவம் ஒன்றைத் தயார் செய்து அனுப்பினேன். "நீர்வரத்துக் கால்வாயின் தற்போதைய நிலை யாது?" என்கிற மாதிரி கேள்விகள். ஒரு மாதத்தில் வந்த பதில்கள் இரண்டு. அதில் ஒன்று, படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க நானே போட்டது.

எங்கள் ஊரில் நாற்பது வருடம் நீர்பாய்ச்சியாக இருந்தவர் என் தாய்மாமா முறை. எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது, எந்தக் கட்டுக்கு முதலில் தண்ணீர், யாருக்குக் கடைசியில் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. கூலியாக அறுப்பில் நெல் வாங்கியவர். ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தபின் அவரை யாரும் கேட்பதில்லை. அவரிடம் படிவத்தை நிரப்பச் சொன்னால் எப்படி நிரப்புவார்? பேரன் போனை நீட்டியதற்கு, "எழுதல்லாம் வராது. பேசுனா பேசுவேன்" என்றாராம். அந்த ஒரு வரியில்தான் குழு பிழைத்தது.

பிழைத்தது என்றாலும் உயிர் வந்தது 2020இல்தான். ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் கொரோனாக் கட்டுப்பாடுகள் தொடங்கின. தங்கும் விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அடைபட்டார்கள். மற்றவர்களுக்கு ஜூன் மாதத்தில் தளர்ந்தது, அவர்களுக்குப் பல மாதங்கள் நீண்டது. எங்கள் ஊர்ப் பையன்கள் எட்டுப் பேர் துவாஸ், சுங்கை காடுட் பக்கம் விடுதிகளில் இருந்தார்கள். வேலை இல்லை, வெளியே போக வழியில்லை. படம் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் அதில் ஒருவன் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு குரல் பதிவு போட்டான்: "மாமா, எங்கப்பா மேல மடை, கீழ மடைன்னு சொல்லுவாரே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" மறுநாள் காலை மாமாவிடமிருந்து ஏழு நிமிடப் பதில். பின்னணியில் கோழி, மோட்டார் சத்தம், இருமல். அப்புறம் அடுத்தவன் கேட்டான். அந்த வருட ஆவணிக்குள் நூற்றறுபது பதிவுகள் சேர்ந்துவிட்டன.

அதில் ஒன்றை அப்படியே எழுதுகிறேன்:

"மாப்ளே, மேல மடையில அஞ்சு படி இருக்குல்ல. மேலேர்ந்து எண்ணாத, கீழேர்ந்து எண்ணு. மூணாவது படி முங்கிருச்சுன்னா ஆயக்கட்டு முழுக்க நாத்து விடலாம். ரெண்டோட நின்னுருச்சுன்னா மேலக்கட்டுக்காரன் மட்டும் நடட்டும், மத்தவன் உளுந்து போடு, கடலை போடு. அஞ்சும் முங்குச்சுன்னா வீட்டுல படுக்காத, கரையில போயிப் படு."

ஆயக்கட்டு என்றால் கண்மாய்த் தண்ணீர் பாயும் மொத்த வயலும். இதுதான் நான் தேடிய வார்த்தை. தண்ணீரின் அளவும் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. அதன்பிறகு மழை பெய்த அன்று ஊருக்குப் போன் போட்டால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மூணாவது படி முங்கிருச்சா?"

பதிவுகள் சேர்ந்தபோதுதான் சிக்கலும் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவை அடுத்த குழுவுக்கு அனுப்பினால் முதலில் பேசியவர் பெயர் அதோடு போகாது. பேசியது மாமாவா, அவர் தம்பியா என்று தெரியாமல் பத்துப் பதிவுகள் கிடந்தன. தம்பி பேசுவது பக்கத்துச் சின்னக் கண்மாயைப் பற்றி. இரண்டையும் குழப்பினால் வம்பு. அதனால் ஒரு வழக்கம் வைத்தோம். பதிவைத் தொடங்கும்போதே மூன்று விஷயம் வாயால் சொல்ல வேண்டும்: பேசுவது யார், நிற்பது எங்கே, இன்றைக்கு என்ன நாள். மாமா "ஐப்பசி பத்து" என்பார், விடுதிப் பையன்கள் இங்கிலீஷ் தேதி சொல்வார்கள். இரண்டையும் சொல்லச் சொன்னோம். விவசாயம் தமிழ் மாதத்தில் நடக்கிறது, கோப்பு அடுக்குவது மற்றதில் நடக்கிறது.

கோப்பு என்றதும் இன்னொன்று. நாற்பது பதிவுகளை நாங்கள் இழந்தோம். அவற்றை வைத்திருந்தவன் போன் மாற்றினான், பழையது தண்ணீரில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். அதில் வடக்கு வரத்துவாரி, அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால், பற்றிய முழுப் பேச்சும் இருந்தது. மாமாவை மறுபடி கேட்டபோது அதே மாதிரி வரவில்லை, பாதிதான் வந்தது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒருவன் எல்லாவற்றையும் இணையச் சேமிப்பில் ஏற்றுகிறான். பெயரில் முதலில் வருடம், பிறகு மாதம், நாள், அப்புறம் இடம். இப்படி வைத்தால் தானாகவே வரிசையாக நிற்கும். ஒரு பிரதி என்னிடம், ஒன்று துபாயில், ஒன்று பென்டிரைவில் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம். ஊரில் ஒரு பிரதி கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் பாஸ்வேர்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதற்காக மாமா பேசவில்லை.

என் படிப்பின் திமிர் ஒருமுறை நன்றாக அடிபட்டது. கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதிவாரியாகத் தள்ளிப் பார்க்கலாம். மேற்கிலிருந்து கண்மாயை நோக்கி ஒரு வெளிர் கோடு வளைந்து வருவதைக் கண்டுபிடித்தேன். தூர்ந்துபோன வரத்துக்கால் இதுதான் என்று சிவப்பில் வரைந்து குழுவில் போட்டேன். ஈசூனில் உட்கார்ந்துகொண்டு எட்டுத் திசைக்கும் கைதட்டல். ஊரில் பையன்கள் ஜேசிபி வைத்து ஆறு மணி நேரம் தோண்டிவிட்டார்கள். சாயங்காலம் மாமா அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "இது நாங்க சந்தைக்கு வண்டி ஓட்டுன தடம்டா. தண்ணி எப்படா வண்டி கட்டிக்கிட்டு வந்துச்சு?"

மேகம் இல்லாத நாளில் எடுத்த படம்தான் தெளிவாக விழும். எங்கள் பக்கம் மழையே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது வானம் மூடிக் கிடக்கும். ஆக, கையில் கிடைப்பது பெரும்பாலும் காய்ந்த மாதத்துப் படம். காய்ந்த நிலத்தில் மாட்டுத் தடம், வண்டித் தடம், வாய்க்கால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் புலப்படமும் அ-பதிவேடும் எடுத்துப் பார்த்தோம். எது புறம்போக்கு, எது பட்டா என்று அதில் தெரிந்தது, மனுக் கொடுக்க மிகவும் உதவியது. ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதிலும் இல்லை.

கடைசியில் வேலை செய்தது சாதாரண யோசனைதான். நல்ல மழை பெய்து விட்டதும், அல்லது பெய்துகொண்டிருக்கும்போதே, ஆளுக்கொரு இடத்தில் போய் நின்று பத்து விநாடி வீடியோ எடுப்பது. ஓடுகிறதா, தேங்குகிறதா, எந்தப் பக்கம் போகிறது. பதினாறு இடத்து வீடியோவை நான் இங்கே வரைபடத்தில் பொருத்தினேன். இரண்டு இடத்தில் தண்ணீர் வந்து செத்தது. ஒன்று தைலமரக் காட்டுக்குள் வெட்டியிருந்த குழிகளும் வரப்புகளும். இன்னொன்று சாலையை அகலப்படுத்தியபோது மண்மூடிப்போன ஒரு சின்னப் பாலம். பாலத்தை மனுமேல் மனுப் போட்டுத் திறந்தாயிற்று. தைலமரக் காட்டு விவகாரம் இன்னும் இழுக்கிறது.

ஒரு நாள் என் மனைவி சமைத்துக்கொண்டே கேட்டாள்: "முப்பத்தொரு பேர்ல எத்தனை பொம்பளைங்க?" ஒருவரும் இல்லை. "அப்ப ஊருணியப் பத்தி யாரு சொன்னா?" அதைப் பற்றி ஒரு பதிவும் இல்லை. நூற்றறுபதில் ஒன்றுகூட இல்லை! குடிதண்ணீர் எடுத்தது எங்கள் அம்மாக்களும் அத்தைகளும். நாங்கள் பேசியதெல்லாம் வயல் தண்ணீர்.

அவர்களைக் குழுவில் சேர்த்தால் ஆண்கள் நடுவில் வாய் திறக்க மாட்டார்கள் என்று அவளே தனியாக ஒன்று ஆரம்பித்தாள். என் அத்தை முதல் பதிவிலேயே சொன்னார்: ஊருணியில் கிழக்குப் படித்துறைத் தண்ணீரில் பருப்பு பூவாக வேகும், ஊராட்சி ஆழ்குழாய்ப் போர் தண்ணீரில் வேகாது. அது கடின நீர் என்று நாங்கள் படித்ததை அவர் அடுப்பில் கண்டிருக்கிறார். எந்த வருடம் போர் தண்ணீரில் பருப்பு வேகாமல் போனது என்று ஆறு பேர் தனித்தனியே சொன்னார்கள். எந்த மகள் கல்யாணம், எந்தப் பேரன் பிறப்பு என்று கணக்கு வைத்துச் சொன்னதால் வருடமும் பொருந்தியது. நிலத்தடி நீர் எப்போது கெட்டது என்பதற்கு எங்கள் ஊரில் வேறு பதிவு கிடையாது. அந்தப் பேச்சுகளில் எவற்றைப் பொதுக் குழுவுக்குத் தரலாம் என்பதைப் பேசியவர்களே முடிவு செய்கிறார்கள்.

இனி, ஊர்ப் பெயரை ஏன் எழுதவில்லை என்பதற்கு வருகிறேன். கண்மாயின் உள்வாயில் வடமூலையில் கரம்பை மண் எத்தனை அடி இருக்கிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று மாமா ஒரு பதிவில் விலாவாரியாகப் பேசியிருந்தார். யாரோ ஒருவர் அதை இடக்குறியோடு வெளியே அனுப்பிவிட்டார். அந்தச் சித்திரையில் ராத்திரி நேரத்தில் லாரிகள் வந்தன. காலையில் பார்த்தால் பதினைந்தடிப் பள்ளம். வண்டல் எடுக்க முறையான அனுமதி உண்டு, அளவு உண்டு, விவசாயிகள் வாங்கித்தான் எடுக்கிறார்கள். இது அந்தக் கணக்கில் வரவில்லை. கண்மாயின் அடியில் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும் களிமண் படுகை ஓரிடத்தில் அறுபட்டு மணல் தெரிந்தது. அடுத்த வருடம் தண்ணீர் வந்தும் அந்த மூலை சீக்கிரம் வற்றியது. "பானைக்கு அடியில ஓட்டை போட்டுட்டீங்களேடா" என்றார் மாமா. யார் அனுப்பினார்கள் என்று கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க முயன்றிருந்தால் குழு உடைந்திருக்கும். அனுப்பியது சிங்கப்பூரில் இருந்தவராகவும் இருக்கலாம், நானே எப்போதோ தெரியாமல் அனுப்பியதாகவும் இருக்கலாம்.

இப்போது மண், மணல், மீன், மூலிகை இருக்குமிடம் பற்றிய பதிவுகள் பென்டிரைவில் மட்டும். போனில் எடுத்தாலும் ஏற்றிவிட்டு அழித்துவிடுவோம். படம் அனுப்பும்போது போனின் இடப்பதிவை அணைத்துவிடச் சொல்கிறோம். தூர்வாருவதிலும் மாமாவின் விதி ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். கரையின் அடியை ஒட்டித் தோண்டக் கூடாது. தோண்டினால் பார்க்க ஆழமாக இருக்கும், நிறைகிற வருடம் கரை உட்காரும். மடைவாய்க்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது, மாட்டுக்குத்தான். அது தப்பில்லை, ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்கு என்று பொதுமக்களிடம் நிதி திரட்டினால் அனுமதி வேண்டும். அதனால் குழுவில் காசுப் பேச்சே கிடையாது. யார் கொடுக்க நினைத்தாலும் அவரவர் வீட்டுக்கு அனுப்புகிறார், வீட்டிலிருந்து ஊர்க் கூட்டத்துக்குப் போகிறது. காசு வராததால் சண்டையும் குறைவு.

எனக்குக் கருவிப் பித்து ஒன்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிம் லிம் டவரில் அலைந்து ஒலியலை மட்டமானி, சூரியத் தகடு, சிம் கார்டு போடும் பலகை எல்லாம் வாங்கி ஒரு பொட்டியாகக் கட்டி ஊருக்குக் கொண்டுபோனேன். மடைக்கு மேலே பொருத்தினோம். இரண்டு மாதம் அழகாகச் செய்தி வந்தது. பிறகு ஒரு நாள் தண்ணீர் திடீரென்று ஓர் அடி ஏறியதாகச் சொன்னது. ஊரில் மழையே இல்லை. கருவிக்கு நேர் கீழே ஆகாயத்தாமரை படர்ந்திருந்தது, அது இலையின் உயரத்தை அளந்து அனுப்பிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்தோம். மறுமாதம் சூரியத் தகட்டை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு விட்டேன். மழைக்கு மட்டும் நேர்ச்சுவர் உள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை மொட்டை மாடியில் வைத்து, காலை எட்டரைக்கு ஸ்கேல் விட்டு அளக்கிறான் ஒரு பையன். பத்து மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஹெக்டேரில் ஒரு லட்சம் லிட்டர். அதில் எவ்வளவு கண்மாய்க்கு வந்து சேர்கிறது என்பதைப் படி சொல்லிவிடும்.

விடுதிப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) வந்தால் சிலரை ஈசூனுக்கும் கூட்டிவருவேன். ஒருமுறை லோயர் சிலேத்தார் கரையில் நின்று, இந்த நாட்டு நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழையைப் பிடித்துப் பதினேழு நீர்த்தேக்கங்களில் வைத்திருக்கிறார்கள், இது ஆற்று முகத்துவாரத்தில் அணை போட்டு 1986இல் முடித்தது என்று விளக்கினேன். துவாஸ்காரன் ஒருவன் கரையோரமாகவே நடந்துபோய்த் தேடிவிட்டு வந்து, "எல்லாம் சரிண்ணே, இதுக்கு மடை எங்க இருக்கு?" என்றான்.

அவன்தான் இப்போது ஊரில் இருக்கிறான். ஒப்பந்தம் முடிந்து திரும்பிவிட்டான். போன வருடம் மேல மடையைச் சீரமைத்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் பழைய கல் படிகள் ஐந்தையும் பெயர்த்துவிட்டுச் சிமெண்டில் நாலு படி கட்டிவிட்டார்கள். ஒவ்வொன்றும் பழசைவிட உயரம். எங்களிடம் இருந்த அத்தனை பதிவுகளிலும் "மூணாவது படி" என்பது அந்த நாளோடு செல்லாக்காசு ஆயிற்று. வேலையில் தினமும் நிலைப்புள்ளி, அதாவது மட்டம் மாறாத குறி, குறித்துவைக்கிற நான், சொந்தக் கண்மாய்க்கு ஒன்றைக் குறித்துவைக்க மறந்திருந்தேன்.

காப்பாற்றியது இவன் எடுத்த ஒரு பழைய படம். படியில் மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு எடுத்திருந்தான். மண்வெட்டி இன்னும் அவன் வீட்டில் இருக்கிறது. பிடியை அளந்து ஒவ்வொரு படியின் உயரத்தையும் கணக்குப் போட்டோம். போன பொங்கலுக்கு நான் போனபோது கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கிக்கொண்டு, கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்துபோகும் கலிங்கில் மாறாமல் நின்ற பழைய கல்லிலிருந்து மட்டம் பிடித்தோம். மாமா குடையை ஊன்றிக்கொண்டு வந்து, மடைச் சுவரில் மிஞ்சியிருந்த தண்ணீர்க் கறையை விரலால் தடவிக் காட்டினார். கறையும் கணக்கும் நாலு விரற்கடைக்குள் ஒத்துப்போனது. புதிய இரண்டாவது படிக்குச் சற்று மேலே சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இழுத்தோம். கலிங்குக் கல்லிலும் ஒரு வெட்டுக்குறி போட்டாயிற்று.

நேற்று இரவு எட்டு மணிக்கு அவனிடமிருந்து பதிவு வந்தது. பெயர், இடம், தேதி எல்லாம் முறையாகச் சொல்லிவிட்டு, மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினான்: "அண்ணே, கோடு இன்னும் முங்கல. ஒரு சாண் இருக்கு."